ஓலே கட்டிய நாடாக்கள்

டென்மார்க்கில் குளிர்காலத்தில் நடைபாதையில் ஒரு குழந்தையின் கையுறை விழுந்து கிடந்தால் அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். குப்பையிலும் போடமாட்டார்கள். குனிந்து எடுத்து, தண்ணீரை உதறி, பக்கத்து வேலிக்கட்டையின் தலையில் செருகிவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விடுவார்கள். அது அங்கேயே நாள்கணக்கில் நிற்கும். தொலைத்தவர்கள் வந்து எடுக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் அப்படி நின்ற ஒரு சிவப்புக் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ரோட்டைத் துப்புரவாக வைத்திருக்கிற நாட்டுக்கு நானும் ஒரு உதவி செய்ததாக நினைப்பு. எதிர்ப்பக்கத்தில் பிள்ளைவண்டியோடு நின்ற பெண் என்னவோ கேட்டார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து நானும் பதில் நன்றியாக "தக், தக்" என்று சிரித்தேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்து, திரும்பவும் கட்டையில் செருகிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதே மாதம் வேறொரு வயதான பெண் என் பின்னால் அரைக் கிலோமீட்டர் நடந்து வந்து, நான் கீழே போட்ட பஸ் டிக்கெட்டை என் கையில் தந்தார். "இது உங்களுடையது, தவறவிட்டீர்கள்" என்றார். எவ்வளவு நல்ல மனுசி என்று என் மனைவி ராஜினியிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்டித்தார் என்பது விளங்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஆக, கீழே கிடப்பதை எடுக்க வேண்டும், தொங்குவதைத் தொடக்கூடாது. கேட்க மிகவும் சுலபமாகத்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ரண்டர்ஸ் நகரத்தில் இருந்து, பதினேழு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்த பிறகும் நான் இதில் பிழை விட்டேன். அந்தப் பிழையைத்தான் எழுத வந்தேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, நீங்கள் என்னைக் கண்டால் வாயால் கார் ஹோர்ன் அடித்துக் காட்டிச் சிரிக்கிறீர்கள். "மதுராவின் அப்பா டெனிஷ் காட்டுக்குள்ள தொலைஞ்சவர்" என்று சொல்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டு சிரியுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் ரீச்சர் திருத்துவார்.

என் மகள் மதுராவுக்குப் பதினாறு வயது. போன வருடம் அவள் ஓடுகிற கிளப் ஒன்றில் சேர்ந்தாள். போட்டிக்கு ஓடுகிற கிளப் இல்லை அது. சனிக்கிழமை பின்னேரம் கூடி, காட்டுக்குள்ளோ ஆற்றங்கரையிலோ ஓடிவிட்டு, பிறகு இருந்து கேக் சாப்பிட்டுக் கதைக்கிற கிளப். மட்டக்களப்புப் பக்கத்தில் நாங்கள் ஓடியதெல்லாம் ஏதாவது பின்னால் துரத்தியபடியால்தான். ஒருவரும் துரத்தாமல், அதுவும் காசு கட்டி ஓடுவதை முதலில் நான் பெரிய பகிடியாக நினைத்தேன். அவளைக் காரில் கொண்டுபோய் விட்டு, குளிருக்குள் இரண்டு மணி நேரம் காருக்குள்ளேயே இருப்பேன். ஒருநாள் ஓலே என்ற பெரியவர் வந்து கண்ணாடியைத் தட்டி, "நீரும் வந்து ஓடும், காருக்கு வியர்க்காது" என்றார். எனக்குச் சீனி வருத்தம் வரப்போகிறது என்று டொக்டரும் வெருட்டியிருந்தார். அடுத்த கிழமையே சப்பாத்து வாங்கிவிட்டேன். மதுராவுக்கு அது பிடிக்கவில்லை. "அங்க வந்து ஏதாவது வித்தியாசமாச் செய்யாதீங்க" என்று ராஜினி மூலம் சொல்லி அனுப்பினாள். அந்த நாட்களில் அவள் என்னோடு நேரே கதைப்பது குறைவு. கதைத்தாலும் டெனிஷில்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுக்குள் இரண்டு வானொலி ஒரே நேரத்தில் பாடுவது போல இருக்கும்.

ஓலேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்தைந்து வயது. துறைமுகத்தில் கயிறு கட்டி, கயிறு அவிழ்த்து வாழ்ந்தவர். அந்தக் கிளப்பில் மதுராவின் பெயரை நீட்டாமல் குறுக்காமல் சரியாகச் சொல்கிற ஒரே ஆள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு காட்டுக்குள் தனியே போய், சிவப்பு வெள்ளைப் பிளாஸ்டிக் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி மரக்கொப்புகளில் கட்டி வழி அடையாளம் போடுவது அவருடைய வேலை. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கட்டுகிறார். ஆனால் போன வருடம் அவருக்கு மறதி தொடங்கியது. கார்த் திறப்பை வைத்த இடத்தை மறந்தார், பிறகு தன் பேரனின் பெயரை மறந்தார். மூளையைச் சோதிக்க வைத்தியசாலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒக்ரோபரில் காட்டுக்குப் போக ஏற்பாடு செய்தபோது கிளப்பின் பொறுப்பாளர் மெட்டே அவரிடம் எல்லாருக்கும் முன்னால் சொன்னதை மதுரா எனக்குச் சொன்னாள். "இந்தமுறை நீங்களே கட்டுங்கள், ஓலே. ஏதாவது பிழைத்தால் அடுத்தமுறை வேறு ஆளைப் போடுவோம்." சொல்லிவிட்டு மதுரா, "அதையும் எடுத்துவிட்டால் அவர் வீட்டுக்குள் இருந்து சுவரைத்தான் பார்ப்பார்" என்றாள். டெனிஷில்தான் சொன்னாள். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

அந்தக் காடு ரண்டர்ஸிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரக் கார் ஓட்டம். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மரக்குடில். ஓடிவிட்டு வந்து எல்லாரும் இரவு அங்கே தங்குவது திட்டம். அது வருடத்தில் ஒருநாள் ரெலிபோன் இல்லாத நாள். எல்லாருடைய ரெலிபோனையும் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் போட்டு மெட்டே மூடிவிட்டார். விடியும்வரை அதை யாரும் திறக்கக்கூடாதாம். மழை தூறியபடியால் வழக்கமாக மெதுவாக ஓடுகிறவர்கள் பலர் வரவில்லை. பின்னேரம் நாலு மணி. ஓலே எங்களைச் சுற்றி நிற்கவைத்து வழியை விளங்கப்படுத்தினார். அவருடையது யூட்லாந்து வட்டாரப் பேச்சு, வாய்க்குள் கல்லை வைத்துக் கதைப்பது போலத்தான் கதைப்பார். அவர் சொன்னது இதுதான்: வேகமாக ஓடுகிறவர்கள் ஏரியைச் சுற்றி மறுபக்கத்தால் வருவார்கள், மெதுவாக வருகிறவர்கள் ஏரியில் தேநீர் குடித்துவிட்டு, போன வழியாலேயே நாடாவைப் பார்த்துத் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டாவது பாதி எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் சுற்றித்தான் வருவோம் என்று நினைத்தேன். "விளங்கியதா?" என்று என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாக்களும் இப்படித் தலையாட்டுவார்கள், கவனித்திருப்பீர்கள். வைத்தியசாலையில், வங்கியில், உங்கள் பள்ளிக்கூடக் கூட்டத்தில். விளங்கவில்லை என்று நூறுதரம் சொல்லிக் களைத்த ஆட்களின் தலை தானாகவே ஆடும். அதை நல்ல பழக்கம் என்று நான் சொல்லவரவில்லை.

ஓலே தேநீர்ப் போத்தலோடு குறுக்குப் பாதையால் முன்னுக்கே ஏரிக்குப் போய்விட்டார். மற்றவர்கள் ஓடி மறைந்தார்கள். நான் எப்போதும் கடைசி. மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தபோது முதலாவது நாடா கண்ணுக்கு நேரே தொங்கியது. நான்தான் கடைசி ஆள், எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, இனி இது யாருக்குத் தேவை? பிளாஸ்டிக் காட்டில் கிடந்தால் மான் தின்னும், யாராவது வந்து கிளப்புக்குக் குற்றப்பணம் எழுதுவார்கள், ஓலே நாளைக்கு இந்த வயதில் திரும்பவும் நடந்துவந்து கழற்ற வேண்டும். இப்படியெல்லாம் யோசித்து அவிழ்த்து மடித்து ஜக்கெற் பைக்குள் வைத்தேன். அடுத்ததையும் அவிழ்த்தேன். கையில் வேலை வந்ததும் களைப்பு மறந்துபோனது. பதினேழு வருடப் பழக்கம் அது, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் மற்ற ஓரம்வரை துப்புரவாக்காமல் நிற்கமாட்டேன். விரல் விறைத்து முடிச்சு அவிழாமல் போனபோது கொப்பின் நுனியால் உருவி எடுத்தேன். வராவிட்டால் கொப்பையே முறித்தேன். ஏரிக்கரைக்கு வரும்போது ஜக்கெற்றின் இரண்டு பையும் நிறைந்திருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கிளப்பில் முதல்தரமாக நான் ஒரு பிரயோசனமான வேலை செய்ததாகச் சந்தோசப்பட்டேன்.

ஏரிக்கரையில் ஓலே மட்டும் நிற்பார் என்று நினைத்தேன். மதுராவும் ஒரு மரக்குற்றியில் இருந்தாள், கால் பிரண்டுவிட்டது. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டாளாம். கணுக்கால் வீங்கியிருந்தது.

"நோகுதா மகள்?"

"இல்லை" என்றாள், டெனிஷில். என்னைப் பார்க்கவில்லை.

ஓலே தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "சரி, குறுக்குப் பாதை ஒரே சேறு, இந்தக் காலோடு ஆகாது. இருட்டுவதற்குள் நீங்கள் வந்த வழியாலேயே போவோம். நாடா காட்டும்" என்றார்.

கோப்பை என் கையில் இருந்தது. தேநீர் வாய்க்குள் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். "ஓலே, நான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்." நாலு சொல்லும் எனக்கு டெனிஷில் தெரியும். ஆனால் மதுரா அங்கே இருந்தாள். வித்தியாசமாக ஒன்றும் செய்யாதீங்க என்று சொன்னவள். வந்த வழிதானே, எனக்கு ஞாபகம் இருக்கும், நானே முன்னுக்குப் போய்க் காட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

டென்மார்க்கின் நட்டு வளர்த்த காட்டைப் பற்றிச் சொல்கிறேன். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே வயது, ஒரே வரிசை. எங்கள் பக்கத்துக் காட்டில் ஒரு பாலை மரத்துக்கும் அடுத்த பாலை மரத்துக்கும் முகவெட்டு வேறு. இங்கே எந்த மரமும் என்னை அடையாளம் காட்டவில்லை. அரை மணியில் இருட்டியது. எங்களிடம் ஓலேயின் நெற்றி லைற் ஒன்றுதான். அதுவும் மஞ்சளாகி மங்கி நின்றுபோனது. நான் நினைத்த இடத்தில் பாதை திரும்பவில்லை. மதுராவின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை ஓலேயும் பிடித்துக்கொண்டு நடந்தோம். "இங்கே ஒன்று கட்டியிருந்தேனே" என்று ஓலே நின்றார். கொஞ்சத் தூரம் போய், "இந்த வாய்க்காலில் கட்டாயம் கட்டினேன்" என்றார். பிறகு, "கட்டினேன்தானே?" என்று எங்களைக் கேட்டார்.  நான் மதுராவைத் தாங்கிப் பிடித்தபடி முன்னுக்கு நடந்தேன்.

எட்டு மணிபோல இனி நடப்பது ஆபத்து என்று ஓலேயே சொல்லி, ஒரு பெரிய ஊசியிலை மரத்தின் கீழே இருந்தோம். கிளை நிலம்வரை தாழ்ந்திருந்தபடியால் மழை குறைவாக விழுந்தது. குடிலில் இருந்தவர்கள், மதுராவுக்குக் கால் பிரண்டபடியால் ஓலேயும் நானும் அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம் என்று நினைத்தார்களாம். எங்கள் கார் அங்கேயே நின்றதை இருட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. ஓலேயின் மனைவி அவர் குடிலில் நித்திரை என்று நினைத்தார். ஒழுங்குக்குப் பெயர்போன இந்த நாட்டில் திரும்பிவந்த தலைகளை எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? என் பை நிறைய நாடா.

ஏழு வயதில் நான் இப்படிக் காட்டில் இருந்திருக்கிறேன். ஆமி வருகிறது என்று ஊரோடு காட்டுக்குள் ஓடி மூன்று இரவு இருந்தோம். காட்டு வாசலில் என் அப்பா, அந்த அவசரத்திலும், ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் பிள்ளையாருக்கென்று மரத்தில் தொங்கவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு கொப்புத் தொங்கவிட்டார்கள். நாலாம் நாள் திரும்பி வரும்போது அவையெல்லாம் வாடி அப்படியே தொங்கின. எத்தனை பேர் அந்த வழியால் போனார்கள், வந்தார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. காட்டில் இன்னொருவர் தொங்கவிட்டதை எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லை, பிள்ளைகளே. பச்சைக் கொப்பு என்றால் தொட்டிருக்கமாட்டேன். பிளாஸ்டிக் என்றதும் குப்பை என்று கை போய்விட்டது. எந்த நாட்டில் படித்ததை எங்கே பாவிக்க வேண்டும் என்று எனக்குள் எல்லாம் குழம்பிப்போய்க் கிடக்கிறது.

ஓலே நித்திரை கொள்ளவில்லை. காலையில் தான் நடந்த வழியை முதலிலிருந்து மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வளைந்த பேர்ச் மரத்தில் ஒன்று. வாய்க்காலில் ஒன்று. பெரிய கல்லுக்குப் பக்கத்தில்..." அந்த இடத்தில் நின்றுவிடுவார். திரும்பவும் வளைந்த மரத்திலிருந்து தொடங்குவார். எத்தனை தரம் என்று தெரியாது. பிறகு சொல்வதை நிறுத்தினார். இருட்டில் அவருடைய தோள் ஆடுவது என் தோளில் தெரிந்தது. குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்து என் சால்வையைக் கொடுத்தேன்.

"குளிர் இல்லை" என்றாள் மதுரா மெதுவாக, டெனிஷில். "அழுகிறார்."

நான் என் மகளின் காதில் நடந்ததைத் தமிழில் சொன்னேன். பைக்குள் கையை விட்டு அவளுடைய விரலை நாடாவில் தொடவைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன்.  அவள் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னோடு தமிழில் கதைத்தாள்.

"அப்பா. இப்ப சொல்லுங்கோ. இப்பவே."

சொன்னேன். "ஓலே, யை டோ தெம்." நான்தான் எடுத்தேன், நீங்கள் கட்டினீர்கள், நான் கழற்றினேன், குப்பை என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாவற்றையும் கொட்டினேன். பையிலிருந்து ஒரு கொத்து நாடாவை எடுத்து அவருடைய கையில் திணித்தேன்.

அவர் தடித்த கையுறைக்கு மேலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கையை மூடித் திருப்பித் தள்ளினார். "இதை நான் கார் நிறுத்துகிற இடத்திலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன். நீர் கண்டெடுத்து, எனக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்று இவ்வளவு நேரமும் மறைத்தீர். இப்போது பழியையும் எடுக்கிறீர். நல்ல மனுசன் நீர்."

"இல்லை! நான் நல்ல மனுசன் இல்லை!"

"நல்ல மனுசர்கள் அப்படித்தான் சொல்வார்கள்."

மதுராவும் சொன்னாள். அவளுடைய டெனிஷில் ஒரு குறையும் இல்லை. அவர் அவளுடைய தலையைத் தடவி, "நல்ல குடும்பம்" என்றார். எனக்கு மண்டையைக் கொண்டுபோய் மரத்தில் இடிக்க வேண்டும் போல இருந்தது. இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடமாக நான் சொன்ன உண்மைகளை எத்தனையோ மேசையில் சந்தேகப்பட்டார்கள். எந்த ஊர், எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று மூன்று தரம் விசாரித்தார்கள். இன்றைக்கு முதல்தரமாக என்னை நல்லவன் என்று நம்புகிறார்கள், அதுவும் நம்பக்கூடாத இடத்தில். ஓலேயோ தன் மூளையை நம்புவதை விட்டுவிட்டார். "சோதனைக்கு இனிப் போகத் தேவையில்லை" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். "பதில் தெரிந்துவிட்டது."

விடியத் தொடங்கிய நேரம் தூரத்தில் ஒரு கார் ஹோர்ன் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கலியாண வீட்டு ஊர்வலம் போல விட்டு விட்டு ஒரே சத்தம். டெனிஷ்காரர்கள் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும்தானே. மதுரா எழும்பி ஒற்றைக் காலில் நின்றாள். "அது எங்கட ஆக்கள்" என்றாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டுதான் விடியும்வரை தொலைந்திருந்தோம்.

நடந்தது இதுதான். ரெலிபோன் இல்லாத நாள் என்று ராஜினிக்கு நாங்கள் சொல்லவில்லை. அன்றிரவு அவள் மதுராவுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள், பதில் இல்லை. எனக்கு எடுத்திருக்கிறாள், பதில் இல்லை. ரெலிபோன்கள் மரப்பெட்டிக்குள் முழங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. குடிலில் படுத்திருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் விடியும்வரை பெட்டியைத் திறப்பதில்லை என்ற ஒழுங்கை ஒருவரும் மீறவில்லை. மேலே இரண்டு போர்வையைப் போட்டு மூடினார்களாம்! ராஜினி பொலிசுக்கு எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன்.

"பொலிசுக்கு அடிச்சா ஊரெல்லாம் கதை வந்திடும் எண்டு பயந்தனான்."

"அதுக்குப் பதிலா பதினொரு வீட்டுக்கு அடிச்சிருக்கிறீர்!"

"அது எங்கட சனம்தானேப்பா."

பதினொரு கார். எங்கள் கார் தனியே நிற்பதைக் கண்டு, காட்டுக்குள் கேட்கட்டும் என்று ஹோர்ன் அடித்திருக்கிறார்கள். தலைநகருக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ராஜினியின் தமையன்கூடக் கடற்பாலங்களைக் கடந்து வந்துவிட்டார். கார் நிறுத்துகிற இடத்துக்கு நாங்கள் வெளியே வந்தபோது ஒரு பக்கத்தில் எங்கள் ஆட்கள், கையில் தேநீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலுமாக. மறுபக்கத்தில் குடில் வாசலில் கிளப் ஆட்கள், நித்திரை உடுப்போடு, இந்த நேரத்தில் என்ன சத்தம் என்று கோபப்பட வந்து, எங்களைக் கண்டதும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல். ராஜினி ஓடிவந்து மதுராவைக் கட்டிப்பிடித்துவிட்டு எனக்கு ஏசினாள். மெட்டேயின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஓலேயின் தோளில் கை வைத்து, "பரவாயில்லை, ஓலே. பத்திரமாக வந்துவிட்டீர்கள். நாடா கட்டுகிற வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஓலே, சொன்னதைக் கேட்கிற சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். நான் எத்தனையோ இடத்தில் ஆட்டிய அதே ஆட்டம்.

நான் நடுவுக்கு வந்தேன். "இல்லை. நான்தான் கழற்றினேன்" என்றேன். கிளப் ஆட்கள் சிலர் கனிவாகச் சிரித்தார்கள். ஓலே, "இரவு முழுக்க இதையேதான் சொல்கிறார், நல்ல மனுசன்" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து சிவம் அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உமக்கென்ன விசரே? கிழவன் தானே ஒத்துக்கொண்டிட்டான். நீர் ஏன் போய்த் தலையைக் குடுக்கிறீர்? நாளைக்குத் தமிழர் எண்டால் இப்பிடித்தான் எண்டு சொல்லுவாங்கள். பேசாமல் வாரும்."

"அண்ணை, கையை விடுங்க."

"பிள்ளையிட முகத்தைப் பாத்தாவது பேசாமல் வாருமன்."

பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன். மதுரா நொண்டிக்கொண்டு என்னிடம் வந்து, என் ஜக்கெற் பைக்குள் கையை விட்டாள். எல்லா நாடாவையும் அள்ளி மெட்டேயின் காரின் முன்பக்கத்தில் கொட்டினாள். விடிந்திருந்தது. இரவில் தெரியாதது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. அவிழ்த்த நாடாக்கள் முடிச்சு இருந்த இடத்தில் கசங்கி நின்றன. நான் உருவியவற்றில் முடிச்சு அப்படியே இருந்தது. சிலதில் முடிச்சுக்குள் முறிந்த கொப்பின் துண்டும் பச்சை ஊசியிலையும் பிசினும். அவள் அப்படி ஒன்றை எடுத்து ஓலேயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது யாருடைய முடிச்சு?"

ஓலே கையுறையைக் கழற்றினார். விரலால் அந்த முடிச்சைத் தொட்டார். துறைமுகத்தில் நாற்பது வருடம் கட்டிய முடிச்சு, கிளப்பில் வேறு யாருக்கும் அதைப் போடத் தெரியாது. இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. "பேர்ச்" என்றார், கொப்பின் தோலைப் பார்த்து. அடுத்ததைத் தூக்கி, "இது வாய்க்காலில் நின்ற மரம்" என்றார். மெட்டேயைத் திரும்பிப் பார்த்து, "கட்டியிருக்கிறேன். நான் எல்லாம் கட்டியிருக்கிறேன்" என்றார்.  மெட்டே வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு நன்றி சொல்வார், கட்டிப்பிடிப்பார் என்று நான் நினைத்திருந்தால் அது என் மடத்தனம். ஓலே என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துபோயிருந்தது. "தேநீர் குடித்தபோது உனக்குத் தெரியும்" என்றார். "நான் அந்த வாய்க்காலில் நின்று கேட்டபோது உனக்குத் தெரியும். மணிக்கணக்காக என் தலைக்குள் ஒன்றுமில்லை என்று நான் நினைக்க விட்டாயே!" அதற்குப் பிறகு அவர் சொன்ன சொற்களை நான் இங்கே எழுதவில்லை, உங்கள் ரீச்சர் வாசிப்பார். சிவம் அண்ணை சண்டைக்கு அவருக்குக் கிட்டப் போகப் பார்த்தார். நான் தடுத்தேன். ஓலே சொன்னது அவ்வளவும் சரி. மன்னிப்புக் கேட்டு "உண்ட்ஸ்கில்" என்றேன். பஸ்ஸில் கால் மிதித்தாலும் அதே சொல்தான், ஒரு மனுசனை இரவிரவாக அழவைத்தாலும் அதே சொல்தான். அதைவிடப் பெரிய சொல் எனக்கு இந்த மொழியில் தெரியவில்லை.

இது நடந்து இரண்டு மாதம். நாடா கட்டுகிற வேலை இப்போதும் ஓலேயிடம்தான் இருக்கிறது. சோதனைக்கும் போனார். கொஞ்சம் மறதி இருக்கிறதாம், பயப்படத் தேவையில்லையாம். அதையும் மதுராதான் சொன்னாள். ஓலே என்னைக் கண்டால் தலையை அசைப்பார், கதைக்கமாட்டார். எங்கள் ஆட்களில் சிலரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, வெள்ளைக்காரருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். இரண்டு பக்கமும் கோபம். நேரத்துக்குச் சொல்லாத ஒரு உண்மைக்கு இவ்வளவு செலவு, பிள்ளைகளே. தேநீர்க் கோப்பையோடு நின்ற அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கொஞ்சம் வெட்கத்தோடு முடிந்திருக்கும்.

அந்தக் காலையில் எல்லாரும் கலையத் தொடங்கியபோது மழை பலத்தது. மதுராவை எங்கள் காரின் பின்சீற்றில் இருத்தினோம். ராஜினி மறுபக்கத்தால் உள்ளே ஏறி, சோற்றுப் பார்சலைப் பிரித்து, அவளுக்குப் பிசைந்து தீத்தத் தொடங்கினாள். கிளப்பில் ஓடுகிற ஒரு தாதி பையோடு ஓடிவந்து, கதவுக்கு வெளியே ஈரச் சரளையில் முழங்காலில் இருந்து, மதுராவின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்துவைத்துத் துணி சுற்றத் தொடங்கினார். மகள் உள்ளே திரும்பி வாயைத் திறப்பாள், "காணும் அம்மா" என்பாள். வெளியே திரும்பித் தாதியிடம் டெனிஷில் என்னவோ சொல்லிச் சிரிப்பாள். உள்ளே உடம்பு, வெளியே கால்.

"கதவைச் சாத்துங்கோப்பா, பிள்ளை நனையுது" என்றாள் ராஜினி.

எப்படிச் சாத்துவது? நான் கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு, மழை அவர்கள் மூன்று பேரிலும் படாதபடி என் முதுகைக் காட்டி நின்றேன்.